சிந்தாமணி குடிவந்த வருஷம்

டி.வி. தொடரில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஊசி போட்டு இல்லாமலாக்கப்பட்ட சிந்தாமணி, அடுத்த திங்கட்கிழமை காலை பாளையங்கோட்டையில் எங்கள் ஹவுசிங் போர்டு குடியிருப்பின் குழாயடியில், கசங்கிய அரக்குப் பட்டுப்புடவையும் ஊசி குத்திய இடத்தில் ஒட்டிய பஞ்சுமாக நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் வரும் நேரம் என்பதால் அவளைப் பார்த்து வியக்க யாருக்கும் அவகாசம் இல்லை. குடங்களும் வாளிகளும் வரிசையில் இருந்தன, குழாய் இருமிக்கொண்டிருந்தது, ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டரின் மனைவி கோமதியம்மாள் மட்டும் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வரிசையில நிக்கியாம்மா, சும்மா நிக்கியா?" என்று கேட்டாள்.

"தெரியலைங்க," என்றாள் சிந்தாமணி.

"தெரியலன்னா அங்கன ஓரமா நில்லு தாயி. தண்ணி நிக்கப் போவுது."

அவள் ஓரமாக நின்றாள். எல்லாக் குடமும் நிறைந்து, குழாய் வெறும் காற்றை விட ஆரம்பித்த பிறகுதான் நாங்கள் அவளைச் சுற்றிக் கூடினோம். அவள் யார் என்று எங்களுக்குத் தெரியும். அவளுக்குத்தான் தெரியாது.

அந்தக் குடியிருப்பை இடித்து இப்போது உயரமாக வேறு என்னவோ கட்டிவிட்டார்கள். கல்யாணமாகி நான் அங்கே குடிபோன நாட்களில் மதியம் இரண்டு மணிக்கு எந்த வாசலில் போய் நின்றாலும் ஒரே இசை கேட்கும், ஒரே அழுகை கேட்கும், மாடிப்படி ஏறிக்கொண்டே போனால் கீழ்வீட்டில் தொடங்கிய வசனத்தின் மிச்சத்தை மேல்வீட்டில் கேட்டுவிடலாம், ரசச்சோற்றின் மணமும் கோடையின் புழுக்கமும் அந்த இசையும் சேர்ந்து குடியிருப்பின் மேல் ஒரு போர்வை மாதிரி கிடக்கும். தொடரின் பெயர் 'இரட்டைத் திரி'. அதில் வைதேகி என்று ஒரு சாதுவான பெண். பெரிய பங்களாவில் யார் எதைச் சொன்னாலும் தலை குனிந்து கேட்டுக்கொள்வாள். தாங்க முடியாமல் போகும்போது அவளுக்குள்ளிருந்து சிந்தாமணி என்று இன்னொருத்தி எழுந்து வருவாள். முகம் ஒன்றுதான், ஆள் வேறு. வைதேகிக்காக நாங்கள் அழுதோம், ஆனால் காத்திருந்தது சிந்தாமணிக்காக.

அவளை எழுதியது ஒரே கை அல்ல. முதலில் எழுதியவர் அவளைப் பாட்டுக்காரியாக எழுதினார். அவள் இடதுகைப் பழக்கம் உள்ளவள், மாங்காயை உப்பில்லாமல் தின்பவள், அம்மாவைத் தெப்பக்குளத்தில் பறிகொடுத்தவள். பிறகு அவரை எடுத்துவிட்டு, மர்மக்கதை எழுதுகிற ஒருவரைப் போட்டார்கள். அவர் வந்த வாரமே சிந்தாமணி வலது கையில் அரிவாளைத் தூக்கினாள். அம்மா குளத்தில் சாகவில்லை, மீசை வைத்த பெரியப்பா ஒருவன்தான் அவளைத் தீ வைத்துக் கொன்றான் என்றார்கள். அவரும் போய், கதை இலாகா என்று நாலைந்து பேர் கூடி உட்கார்ந்தார்கள். அவர்கள் கையில் சிந்தாமணி எட்டு வயசுக் குழந்தையாகி, மழலை பேசி, பாவாடை கேட்டாள். அம்மா சாகவே இல்லை, மலைமேல் ஒரு ஆஸ்பத்திரியில் அடைபட்டிருக்கிறாள் என்றாகிவிட்டது. கடைசியில் அவர்களுக்கே அலுத்துப்போய், டாக்டர் ஒருவரை வரவழைத்து, "இனி அவள் வரமாட்டாள்" என்ற ஒற்றை வசனத்தோடு ஊசியைப் போட்டுவிட்டார்கள்.

வைதேகியாக நடித்த நடிகை சென்னையில் நன்றாகத்தான் இருந்தாள். குழாயடியில் நின்றவள் அவளில்லை. அதைச் சொல்ல வேண்டியதே இருக்கவில்லை, பார்த்தாலே தெரிந்தது. நடிகைக்குப் போக வேறு வீடு இருக்கும். இவளுக்கு இல்லை.

யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்று பேச்சு வந்தபோது எல்லாரும் கை நீட்டினார்கள். கோமதியம்மாளுக்குப் பாட்டுக்காரி வேண்டும். மாடிவீட்டுப் பிள்ளைகளுக்குப் பாண்டி விளையாட எட்டு வயசுக்காரி வேண்டும். எனக்கு யார் வேண்டும் என்று வெளியே சொல்லவில்லை, ஆனால் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்த நேரம் அது, எனக்கு அரிவாள்காரியைத்தான் பிடிக்கும். அப்போது தனியார் ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸாக இருந்த பிலோமினா அக்கா வேலை முடிந்து, வெள்ளைச் சேலையும் தூக்குவாளியுமாக வந்தாள். ஐம்பது தாண்டியவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், வீட்டில் டி.வி. வாங்காதவள். குடியிருப்பு முழுவதிலும் 'இரட்டைத் திரி'யை ஒரு நாள்கூடப் பார்க்காத ஒரே ஆள்.

"யாரு இது? கையில என்ன பஞ்சு?" என்றாள்.

"இவதான் சிந்தாமணி, அக்கா," என்றேன்.

"பேரா கேட்டேன்? காலைல ஏதாவது சாப்பிட்டாளா?"

யாரும் கேட்டிருக்கவில்லை. பிலோமினா அக்கா பஞ்சை எடுத்து எறிந்துவிட்டு, அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தபடியே வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனாள். அவ்வளவுதான், விவகாரம் முடிந்தது.

சிந்தாமணியோடு வாழப் பழகுவது நாங்கள் நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. காலையில் அவள் எந்தக் கையால் பல் தேய்க்கிறாள் என்று பார்த்து, அன்றைக்கு வந்திருப்பது யார் என்று வீட்டுக்கு வீடு சொல்லி அனுப்பிவிடுவோம். இடது கையென்றால் கோமதியம்மாள் சுருதிப்பெட்டியைத் துடைத்து வைப்பாள். பல் தேய்க்க மாட்டேன் என்று அழுதால் பிள்ளைகள் கட்டம் போடச் சுண்ணாம்புக் கட்டியோடு ஓடுவார்கள். வலது கையென்றால் பெண்கள் அரிவாள்மணையை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிடுவார்கள், மீசை வைத்த ஆண்கள் பின்வாசல் வழியாக வேலைக்குப் போவார்கள். சுற்றிப்போக அலுப்புப்பட்டு ஒவ்வொருவராக மீசையை எடுக்க, அந்த வருஷம் எங்கள் குடியிருப்பின் ஆண்கள் எல்லாரும் பத்து வயது குறைந்து தெரிந்தார்கள், என் வீட்டுக்காரர் உட்பட. திங்கட்கிழமை கொடுத்த பாத்திரத்தைச் செவ்வாய்க்கிழமை கேட்டால் அவளுக்குத் தெரியாது. புதன்கிழமை தானாகவே கொண்டுவந்து தருவாள். காய்கறிக்காரர், சலவைக்காரர் எல்லாரும் அதைப் புரிந்துகொண்டார்கள். மழைக்காலத்தில் குடை எடுத்துப் போவதுபோல அது ஒரு பழக்கமாகிவிட்டது.

ஆனால் அவள் மட்டும் சுகமாக இல்லை. நாங்கள் ஒவ்வொருவரும் எங்களுக்குப் பிடித்தவளை அவளிடம் கேட்டோம். "அந்தப் பாட்டைப் பாடேன்" என்பாள் கோமதியம்மாள். "குட்டிச் சிந்தாமணி எப்போ வருவா?" என்று பிள்ளைகள் அவளிடமே கேட்பார்கள். அவள் எல்லாருக்கும் தலையாட்டுவாள். பின்பு வாசற்படியில் உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் விரித்து வைத்து, எது தன்னுடையது என்று தேடுகிறவள் மாதிரி பார்த்துக்கொண்டிருப்பாள்.

பிலோமினா அக்கா ஒன்றும் கேட்பதில்லை. "காய்ச்சக்காரங்க காலைல ஒண்ணு பேசுவாங்க, சாயங்காலம் ஒண்ணு பேசுவாங்க. நான் முப்பது வருசமா கஞ்சிதான் குடுத்துட்டிருக்கேன்," என்றாள். தன் ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டுக்கு உதவிக்கு ஆள் வேண்டும் என்று அவளைச் சேர்த்தும் விட்டாள். அங்கே பாட்டுக்காரியும் பயன்பட்டாள், எட்டு வயசுக்காரியும் பயன்பட்டாள். ஊசிக்கு அழுகிற பிள்ளைகளுக்காக டாக்டரிடமே சண்டை போட அரிவாள்காரியும் பயன்பட்டாள்.

மீசையை எடுக்காத ஒரே ஆள் சங்கரபாண்டியன் அண்ணாச்சி, மின்சார வாரியத்தில் வேலை, குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளர். முறுக்கிவிட்ட பெரிய மீசை. ஒரு வலதுகை நாளில், ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் கறிவாங்கிக்கொண்டு பையோடு படியேறும்போது சிந்தாமணி எதிரே வந்து நின்றாள். கையில் யார் வீட்டிலிருந்தோ எடுத்த வெட்டுக்கத்தி. நாங்கள் எல்லாரும் அவரவர் வாசலில் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டோம்.

"எங்கம்மாவை எங்கே வெச்சு எரிச்சே?" என்று கேட்டாள்.

அண்ணாச்சிக்கு வியர்த்துவிட்டது. ஆனால் அவர் ஓடவில்லை, கத்தவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, ஆபீசில் புகார் சொல்ல வந்தவளுக்குப் பதில் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். "அது நான் இல்லம்மா. என் பேரு சங்கரபாண்டியன். சொந்த ஊரு களக்காடு. நான் யாரையும் எரிச்சதில்ல. உங்கம்மாவ எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா காப்பாத்தியிருப்பேனோ என்னவோ, அதுவும் சொல்லத் தெரியல."

சிந்தாமணி அவர் முகத்தையே பார்த்தாள். "நிஜமா நீங்க இல்லையா?"

"நிஜமா இல்லம்மா."

"அப்போ யாரு?"

அவள் கத்தியைக் கறிப்பையின் மேல் வைத்துவிட்டு, படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அது பாட்டுக்காரியின் அழுகையா எட்டு வயசுக்காரியின் அழுகையா என்று எங்களுக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "ஒருநாள் அம்மா தண்ணியில கிடக்கறாங்க. ஒருநாள் எரியறாங்க. ஒருநாள் உயிரோட ஜன்னல் கம்பியைப் பிடிச்சுட்டு நிக்கறாங்க. நான் எதுக்கு அழணும்னு யாராவது சொல்லுங்க," என்றாள். பையைத் தூக்கவும் மறந்து அண்ணாச்சி அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதன்பிறகு அவர் மீசையை எடுத்துவிட்டார், யாரும் கேட்காமலே.

அந்த நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. பிலோமினா அக்கா தன் அம்மா அப்பா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போகும்போது சிந்தாமணியையும் என்னையும் துணைக்கு அழைத்துப் போனாள். வெயில் தாழ்ந்து, கல்லறைத் தோட்டம் முழுக்கக் கேந்திப்பூவும் ஊதுபத்திப் புகையுமாக இருந்தது. குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்து, ஜெபம் சொல்லி, பிறகு அங்கேயே மிக்சர் தின்று ஊர்க்கதை பேசினார்கள். சிந்தாமணி ஒவ்வொரு கல்லாகப் பெயர் படித்துக்கொண்டே நடந்தாள். திரும்பி வந்து, "அக்கா, எனக்கும் மெழுகுவத்தி வேணும். எத்தனை வேணும்னுதான் தெரியல," என்றாள்.

"எத்தனை அம்மா உனக்கு?"

"மூணு. ஆனா ஒருத்தங்க உயிரோட இருக்காங்க. உயிரோட இருக்கறவங்களுக்கு ஏத்தலாமா?"

பிலோமினா அக்கா பையைத் துழாவினாள். "ஏத்துனா யாரு வந்து அணைக்கப் போறா? இந்தா, மூணையும் ஏத்து."

பெயரில்லாத ஒரு பழைய கல்லின் மேல் சிந்தாமணி மூன்று மெழுகுவத்திகளை ஏற்றினாள். ஒன்றை இடது கையால், ஒன்றை வலது கையால், மூன்றாவதை, எட்டு வயசுப் பிள்ளை பயந்து பயந்து ஏற்றுவதுபோல, இரண்டு கைகளாலும் பிடித்து. ஒருத்தி போய் ஒருத்தி வருவதற்கு எப்போதும் ஒரு நாள் ஆகும். அன்றைக்கு அவர்கள் மூன்று பேரும் ஒரே சமயத்தில் அங்கே இருந்ததை நான் பார்த்தேன். அதற்குப்பிறகு அவள் எந்தக் கையால் பல் தேய்க்கிறாள் என்று நாங்கள் பார்த்தும் பிரயோஜனமில்லாமல் போயிற்று. வலது கையால் தேய்த்துக்கொண்டே பாடினாள். பாண்டி ஆடிக்கொண்டே சண்டைக்கு வந்தாள். எங்கள் பேச்சும் அவள் வாயில் ஒட்டிக்கொண்டது. "வாரேன்", "போறிய", "என்னத்த" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

இதற்கிடையில் 'இரட்டைத் திரி' செத்துக்கொண்டிருந்தது. குணமாகிவிட்ட வைதேகி காலையில் கோலம் போட்டாள், மாலையில் விளக்கேற்றினாள், நடுவில் யாராவது திட்டினால் கேட்டுக்கொண்டாள். பார்க்கச் சகிக்கவில்லை. கதை இலாகாவினர் பயந்துபோய், சிந்தாமணியைத் திரும்பக் கொண்டுவர முடிவு செய்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வைதேகி தலைமுடியை அவிழ்த்துவிட்டு, கண்ணை உருட்டி, சிந்தாமணியாக வாயைத் திறந்தாள். ஒரு சத்தமும் வரவில்லை. வாய் அசைந்தது, கை அசைந்தது, பின்னணி இசை இடித்தது, குரல் மட்டும் இல்லை. 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று எழுத்து போட்டார்கள். கேபிள் டி.வி. ஹமீது அண்ணன் வயரையெல்லாம் பிடுங்கி மாட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம வயருல ஒண்ணுமில்ல. குரல் அங்க இருந்தால்ல வரும்," என்று கீழ்வீட்டைக் கைகாட்டினார். அங்கே சிந்தாமணி முருங்கைக்கீரை உருவியபடி பிலோமினா அக்காவோடு ஏதோ வாக்குவாதம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

தொடரை முடித்துவிடலாம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். முடிவையாவது ஒழுங்காக எழுத முதலில் எழுதியவரைத் தேடிப்பிடித்துக் கூட்டி வந்தார்களாம். அவர் பெயர் சாரங்கன். யார் சொல்லி அறிந்தாரோ, ஒரு நாள் காலை, கறுப்புச் சாயம் பூசிய தலையும் தோளில் ஜோல்னாப் பையுமாக அவர் ஜங்ஷனில் இறங்கி, "சிந்தாமணி எங்கே இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். ஆட்டோக்காரர் வேறு எதுவும் கேட்காமல் நேராக எங்கள் வாசலில் கொண்டுவந்து விட்டார்.

சிந்தாமணி பின்கட்டில் உட்கார்ந்து சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பூனையை விரட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். அவர் அவளைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"சிந்தாமணி."

"யாரு?"

"நான்தாம்மா உன்னை எழுதினது."

அவள் கையிலிருந்த மீனை வைக்காமலே கேட்டாள். "எது வரைக்கும்?"

அவர் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "தெப்பக்குளம் வரைக்கும். அதுக்கப்புறம் என்னை எடுத்துட்டாங்க." பிறகு அவள் கையைப் பார்த்தார். "வலது கையால செய்யறியே. நீ இடதுகைக்காரி, சிந்தாமணி. மீன்வாடையே உனக்கு ஆகாது."

"இப்போ ஆகும் சார். உக்காருங்க, செதில் தெறிக்கும்."

அவர் உட்கார்ந்தார். அவருக்கு அபயம் என்று ஒரு தங்கை இருந்தாளாம். நன்றாகப் பாடுவாளாம், இடதுகைக்காரி, சில நாள் வேறு யாரோவாக எழுந்திருப்பாளாம். வீட்டில் வெட்கப்பட்டு அறையில் பூட்டி வைத்திருந்தார்கள். ஒரு நாள் கதவு திறந்திருந்தது, மறுநாள் குளத்தில் மிதந்தாள். "அவளைத்தான் உன்னில எழுதினேன். பூட்டி வெச்சவளை ஊர்ல எல்லா வீட்டுக்குள்ளயும் தினம் மதியம் அனுப்பி வெச்சேன். என் கையிலருந்து பிடுங்கி அவளைக் கொலைகாரி ஆக்கிட்டாங்க, மழலை பேச வெச்சு எல்லாரையும் சிரிக்க வெச்சாங்க," என்றார். "இப்போ மறுபடியும் என்கிட்ட குடுத்திருக்காங்க. வந்துடும்மா. முதல் காட்சியில நீ கண் விழிக்கறே. குளத்துக்கு அப்புறம் நடந்ததெல்லாம் கனவுன்னு எழுதிடறேன். பழைய சிந்தாமணியா, நான் எழுதின மாதிரியே இருப்பே."

சிந்தாமணி கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். அவசரமே படவில்லை.

"அப்போ அந்த எட்டு வயசுப் பிள்ளை?"

"அது நீ இல்லம்மா."

"பெரியப்பாவ வெட்டக் கத்தியத் தூக்குனவ?"

"அது நீ இல்லவே இல்ல. யாரோ கிறுக்கினது."

"யாரு கிறுக்குனாலும் எனக்குத்தானே சார் நடந்துச்சு? அந்தத் தீயில நான்தானே நின்னேன்? அந்தப் பாவாடைக்கு நான்தானே அழுதேன்?" பிறகு, "இங்க வந்தது? அதுவும் கனவா?" என்றாள்.

சாரங்கன் ஜோல்னாப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

வேலை முடிந்து வந்த பிலோமினா அக்கா வாசலிலேயே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். உள்ளே வந்து தூக்குவாளியை வைத்துவிட்டு, "சார், சாப்பிட்டுட்டுப் பேசுங்க. வெறும் வயித்துல இதெல்லாம் பேசக்கூடாது," என்றாள்.

சாளை மீன் குழம்பும் சோறும் பரிமாறினாள். அவர் பிசைந்து பிசைந்து வைத்துக்கொண்டு, "ஒரே ஒரு தடவை அந்தப் பாட்டைப் பாடும்மா," என்று கேட்டார். சிந்தாமணி பாடினாள். முதல் அடி பழையபடியே வந்தது. கோமதியம்மாள் எங்கிருந்தோ ஓடி வந்து நிலைப்படியில் நின்றாள். இரண்டாவது அடி பாதியில் பிள்ளைகளின் பாண்டிப் பாட்டாக மாறியது. அங்கிருந்து யாரையோ ஏசத் தொடங்கி, ஏச்சு சிரிப்பாகி, சிரிப்பிலிருந்து மறுபடி பாட்டுக்கே வந்து நின்றது. அவர் தட்டைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் கேட்டார். கண்ணீர் சோற்றில் விழுந்தது.

"அபயமும் இப்படித்தான் இருந்தா," என்றார் கடைசியில். "ஒரு நாளைக்கு ஒரு மாதிரி. கையில கிடைச்சதை என் மேல எறிவா. தரையில உக்காந்து சொப்பு வெச்சு விளையாடுவா. நான்தான் பாட்டுப் பாடினவளை மட்டும் எடுத்துக்கிட்டேன். மத்தவங்களை எழுதல."

பிலோமினா அக்கா அவருக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

"ஒரு நாளைக்கு வாரேன் சார்," என்றாள் சிந்தாமணி. "கடைசி நாளைக்கு மட்டும். ஆனா எனக்கு ஒண்ணும் எழுதாதீய. அந்த எடத்த வெறுமனே விடுங்க."

"எழுதாம எப்படிம்மா காட்சி எடுக்கறது?"

"வைதேகிக்கு எழுதுங்க. நான் பாத்துக்கிடுதேன்."

அவள் கிளம்பிய அன்று குடியிருப்பே வாசலுக்கு வந்துவிட்டது. போனால் திரும்ப விடமாட்டார்கள், அந்தப் பங்களாவுக்குள் போட்டுப் பூட்டிவிடுவார்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் என் நீலப் புடவையை அவளுக்கு உடுத்திவிட்டேன். கோமதியம்மாள் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள். சங்கரபாண்டியன் அண்ணாச்சி ரயிலடி வரை கூடப் போனார். பிலோமினா அக்கா மட்டும் யாருக்கும் சொல்லாமல் அதிகாலையிலேயே டூட்டிக்குப் போய்விட்டிருந்தாள். சிந்தாமணி பூட்டிய கதவையே ஒருமுறை பார்த்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

கடைசி வெள்ளிக்கிழமை மதியம் கோமதியம்மாள் வீட்டில் கூட்டம் நிரம்பி வழிந்தது. பிலோமினா அக்கா சீருடையோடு வந்து, நாற்காலியின் நுனியில், ஆபரேஷன் அறைக்கு வெளியே காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாகத் தொடர் பார்க்கிறாள். இசை முடிந்தது. பங்களாவின் கூடத்தில் வைதேகி தனியாக உட்கார்ந்திருந்தாள். வாசல் வழியாக சிந்தாமணி வந்தாள். முன்பெல்லாம் கண்ணாடியிலும் நிழலிலும் வைத்துத்தான் இரண்டு பேரையும் காட்டுவார்கள். அன்று இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். ஒருத்தி பவுடர் பூசி வெளுத்திருந்தாள், மற்றவள் எங்கள் ஊர் வெயிலில் கறுத்து, என் நீலப் புடவையில் இருந்தாள்.

"நீ போயிட்டேன்னு டாக்டர் சொன்னாரே," என்றாள் வைதேகி.

"ஆமா, போயிட்டேன். பாளையங்கோட்டைக்கு."

கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். பிலோமினா அக்கா, "சும்மா இருங்கல," என்றாள்.

"நீ இல்லாம எனக்குக் கோபமே வர மாட்டேங்குது சிந்தாமணி. பாட்டும் வரல. எங்கிட்டயே வந்துடு. நாம ஒண்ணாயிடுவோம்." வைதேகி கையை நீட்டினாள்.

சிந்தாமணி அந்தக் கையைப் பிடித்து, அவளைத் தரையில் உட்கார வைத்து, பின்னால் உட்கார்ந்து அவள் தலையை வாரத் தொடங்கினாள். "எனக்கு வார்டுல வேலை கெடக்கு வைதேகி. ஒண்ணாவ முடியாது. ஆனா ஒண்ணு கேளு. நான் வந்து ஏசுனதெல்லாம் உன் வாயாலதான் ஏசுனேன். பாடுனதும் உன் தொண்டையிலதான். வேற எங்கருந்து வந்துச்சு? நீயே ஏசு. ஏசிட்டு அழுகை வந்தா அழு. பொறவு வெளையாடு. ஒரே நாள்ல எல்லாம் செய்யலாம், நான் செய்து பாத்துட்டேன்." பின்னலை முடித்து முடிச்சுப் போட்டாள். சுவரில் மாட்டியிருந்த மீசைப் பெரியப்பாவின் படத்தைக் கழற்றி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். "வாரேன்."

வாசல்வழியே வெளியேறினாள். வைதேகியின் அழுத முகத்தைக் காட்ட வேண்டிய கேமரா, யார் சொல்லியோ சொல்லாமலோ, சிந்தாமணியின் பின்னாலேயே போயிற்று. தோட்டம், கேட், தெரு, தெருமுனைப் பெட்டிக்கடை, பஸ் நிறுத்தம். ஒரு பஸ் வந்து மறைத்தது. பஸ் போனபின் நிறுத்தம் காலியாக இருந்தது. 'வணக்கம்' என்று எழுத்து வந்தது.

பிலோமினா அக்கா கேட்டாள், "ஏறிட்டாளா? உக்கார எடம் கெடைச்சுதா?"

எங்களுக்கு எப்படித் தெரியும்? ஹமீது அண்ணன்தான், இதெல்லாம் எப்போதோ எடுத்துவைத்தது, இன்று போட்டுக் காட்டியது என்று சொன்னார். அப்படியென்றால் அவள் எப்போதோ கிளம்பியிருக்க வேண்டும், இத்தனை நாளில் வந்திருக்க வேண்டும். சொன்னபிறகுதான் சொல்லியிருக்கக்கூடாது என்று அவருக்கும் பட்டது. சனிக்கிழமை குடியிருப்பில் யாரும் உரக்கப் பேசவில்லை. பிலோமினா அக்கா லீவு போட்டுவிட்டு, துவைத்த துணிகளையே மறுபடி துவைத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில், சர்ச்சில் பூசை முடிந்து ஆட்கள் இறங்குகிற டவுன் பஸ்ஸிலிருந்து சிந்தாமணி இறங்கினாள். கையில் என் புடவை மடித்து வைத்த பை, உடம்பில் புதுச் சுங்கடி. "வைதேகி இருந்துட்டுப் போன்னு சொன்னா. தனியா இருக்கால்லா, பாவம், கொஞ்ச நாள் இருந்துட்டு வந்தேன்," என்றாள் எங்களிடம். பின்பு பிலோமினா அக்காவின் முன்னால் போய் நின்றாள்.

"ஒரு போன் போடணும்னு தெரியாதா?" என்றாள் அக்கா.

"நீங்க சொல்லிக்கிடாம டூட்டிக்குப் போனியள்லா?"

இரண்டு பேரும் அப்படியே முறைத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அக்கா அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். "போய் முகத்தக் கழுவு. சோறு ஆறிப் போவுது."

சிந்தாமணி அதற்குப்பின் பல வருஷம் அங்கே இருந்தாள். அவளுக்கும் தலை நரைத்தது, மூட்டு வலித்தது, கண்ணாடி போட்டாள். வார்டில் அவள் கையில் வளர்ந்த பிள்ளைகளை இப்போது எங்காவது கல்யாண வீட்டில் பார்த்தால் ஒருத்தர் பாடுகிற ஆயாவைப் பற்றிச் சொல்கிறார், இன்னொருத்தர் சண்டைக்கார ஆயாவைப் பற்றிச் சொல்கிறார். இரண்டும் ஒரே ஆள் என்று நான் சொல்வதில்லை, கேட்டுக்கொள்கிறேன். அந்த நாட்களில் என் மனசில் மிச்சமிருப்பது அவள் ஊர் திரும்பிய மறுநாள் மதியம்தான். இரண்டு மணிக்குப் புதுத் தொடர் ஒன்று ஆரம்பிக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். யார் வீட்டிலும் டி.வி. போடவில்லை. வேப்பமரத்தில் காக்கை கரைந்தது, எங்கோ தூரத்தில் ஐஸ்காரரின் மணி கேட்டது. அடுக்களையில் வேலை முடித்துவிட்டு நான் பிலோமினா அக்கா வீட்டு வாசலில் எட்டிப் பார்த்தேன். சிந்தாமணி சிமென்ட் தரையில் கையைக் காலைப் பரப்பி, வாயைத் திறந்து, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, மடித்த செய்தித்தாளால் அவளுக்கு ஈ விரட்டிக்கொண்டிருந்த அக்கா என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள்.

"மெல்ல வாடி," என்றாள். "இப்பந்தான் கண்ண மூடுனா."